கல்யாண மாலைக்கு ஒரு தண்ணீர்

சிங்கப்பூரில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. வேலை விட்டு வந்ததும் அதைச் சுற்றி நடப்பேன். கரை நெடுக வழவழவென்று பாதை, உட்கார பெஞ்சு, அங்கங்கே கம்பத்தில் மாட்டிய ஆரஞ்சு நிற மிதவை வளையம். யாராவது தவறி விழுந்தால் எடுத்து வீசுவதற்கு. அந்த வளையத்தை யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆனி மாதத்தில் ஒரு நாள் அந்தப் பாதையில் நடந்துகொண்டிருந்தபோதுதான் அக்கா போன் செய்தாள். சுகன்யாவின் புருஷன் தினேஷ் கொள்ளிடத்தில் மூழ்கிப் போய்விட்டான் என்றாள். பக்கத்திலிருந்த வளையக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

சுகன்யா என் அக்கா மகள். வைகாசியில்தான் கல்யாணம் நடந்தது. அதற்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை, வீடியோவில் பார்த்தேன். சாவுக்கும் கிடைக்கவில்லை. ஆடி பிறந்து பாதி போன பிறகுதான் கிளம்ப முடிந்தது. அவள் பக்கத்தில் நாலு நாள் உட்கார்ந்திருந்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அரியலூர், பெரம்பலூர் தண்ணீரையெல்லாம் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று யார் கண்டது?

அந்தப் பை விக்கிரமங்கலத்தில் அக்கா வீட்டு அறைக்கதவின் பின்னால் ஆணியில் தொங்கியது. ஜவுளிக்கடைப் பை. உள்ளே இரண்டு கல்யாண மாலைகள். ரோஜாவும் சம்பங்கியும் மரிக்கொழுந்தும் காய்ந்து தேயிலைத்தூள் நிறத்துக்கு வந்திருந்தன. ஜிகினா மட்டும் அன்றைக்குக் கட்டியது போல மின்னியது.

எங்கள் பக்கத்தில் கல்யாண மாலையை வாடினாலும் தூக்கி எறிய மாட்டார்கள். ஆடிப்பெருக்கு வரை வீட்டில் மாட்டி வைத்திருந்து, அன்றைக்குப் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து போய் ஆற்றில் விடுவார்கள். பெருக்குக்கு முன்னாலேயே மாப்பிள்ளை போய்விட்டால் மாலையை என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. கருமாதி முடிந்து சுகன்யாவை அம்மா வீட்டுக்கு அனுப்பும்போது, மாமியார் சரோஜா இந்தப் பையை அவள் கையில் கொடுத்து ஒன்றே ஒன்று சொன்னாராம். "எங்க வேணா விடும்மா. எம்புள்ளைய வாங்குன ஆத்துல மட்டும் விடாத."

"ஆடி முடியறதுக்குள்ள இது வூட்ட விட்டுப் போவணும்" என்றாள் அக்கா. "கெணத்துல போடச் சொன்னா கேக்க மாட்டேங்கிறா. எரிக்கவும் வுட மாட்டேங்கிறா."

"குப்பையாம்மா இது?" என்றாள் சுகன்யா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "இதுல ஒண்ணு அவரு மால, ஒண்ணு என் மால. மூணு தடவ மாத்திக்கிட்டோம்ல, எது யாருதுன்னே தெரியல சித்தி."

அன்று அக்கா முருங்கைக்கீரையும் ரசமும் வைத்திருந்தாள். நான் வந்தால் விரால் மீன் வாங்காமல் இருக்க மாட்டாள். இப்போது அந்த வீட்டில் மீன் வாங்குவதில்லை. நானும் கேட்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது சுகன்யா சொன்னாள், தினேஷ் அவளைக் கூட்டிப் போவதாகச் சொல்லி வைத்திருந்த இடங்கள் சில உண்டு என்று. "ஊட்டி கொடைக்கானல்லாம் எதுக்கு, நம்மூர்லயே எவ்ளோ தண்ணி இருக்குன்னு சொல்லுவாரு. அதுல ஒண்ணுல விட்டுட்டு வந்துடலாம், நீங்க கூட வாங்க."

மறுநாள் காலையில் பெரம்பலூர்ப் பக்கம் கிளம்பினோம். பக்கத்துத் தெரு பாஸ்கர் தன் ஆம்னி வேனைக் கொண்டுவந்தார். அந்த வேனுக்கு அவரைவிட வயது அதிகம் இருக்கும் போலிருந்தது. அரியலூரைத் தாண்டும் வரை முன்னாலும் பின்னாலும் சுண்ணாம்புக்கல் லாரிகள். சாலையோர வேப்பமரமெல்லாம் பவுடர் பூசியிருந்தது. சிங்கப்பூரில் மரத்தைக் கழுவி விடுவார்களோ என்று பாஸ்கர் கேட்டார். மழை கழுவிவிடும் என்றேன். "அதான் இங்க இல்லாமப் போச்சு" என்றார்.

முதலில் மயிலூத்து அருவி. லாடபுரத்துக்கு அந்தப் பக்கம், பச்சைமலை அடிவாரம். சரியான இடம்தான்; பாறை அழகு, மரம் அழகு, காற்று அழகு. தண்ணீர் மட்டும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுமாம். ஆடியில் பாறையில் ஒரு கறுப்புக் கோடுதான் ஈரமாக இருந்தது, யாரோ துணி காயப்போட்டு எடுத்த சுவர் மாதிரி. அதற்கு முன்னால் நின்று கல்லூரி மாணவர்கள் சிலர் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "அருவி சவுண்ட அப்பறம் போட்டுக்கலாம்டா" என்றான் ஒருவன்.

திரும்பும்போது வேனின் ரேடியேட்டர் கொதித்து முன்பக்கம் புகை வந்தது. பாஸ்கர் இறங்கி, அருவி இருந்த திசையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "அருவிக்கு வந்துட்டு வண்டிக்கு ஊத்தத் தண்ணியில்லன்னா எவன் நம்புவான்?" சுகன்யா தன் குடிதண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நீட்டும்போது சிரித்துவிட்டாள். உடனே கையால் வாயை மூடிக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தாள். இருபத்து மூன்று வயதுப் பெண், சிரித்ததற்கு யாராவது திட்டுவார்களோ என்று பயந்து பார்க்கிறாள். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பாஸ்கர்மேல் எரிந்து விழுந்தேன், வண்டியைப் பார்த்து வைத்துக்கொள்ளக் கூடாதா என்று.

விசுவக்குடி அணையில் தண்ணீர் இருந்தது. இரண்டு குன்றுக்கு நடுவில், பச்சையாக, அசையாமல். ஆனால் கரையிலிருந்து வெகு தூரத்தில். நடுவில் எல்லாம் வெடித்த சேறு. சுகன்யா பையை மார்போடு அணைத்தபடி கைப்பிடிச் சுவரோரம் நடந்தாள், திரும்பி வந்தாள். "எறிஞ்சா சேத்துலதான் விழும்" என்றாள்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாப்பிட்டோம். சின்ன வெங்காயச் சாம்பார் மணத்துக்கே நான் இன்னொரு கரண்டி சோறு வாங்கினேன். துக்கத்திலும் பசிக்கத்தான் செய்கிறது. வெளியே வந்தபோது பூக்காரம்மா ஒருவர், "ஆடி வெள்ளி வருது, வாங்கிக்கம்மா" என்று சுகன்யாவிடம் முல்லையை நீட்டினார். நீட்டியவர் அவள் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். நீட்டிய கையை மடக்கவும் முடியாமல் நின்றார். "குடுங்கக்கா" என்று அதை வாங்கி சுகன்யா என் தலையில் வைத்துவிட்டாள். வீடு வந்து சேரும் வரை அந்தப் பூ என் தலையில் கனத்தது.

அடுத்த நாள் கரைவெட்டி ஏரி. பறவைகள் சரணாலயம். நம் ஊரில் இப்படி ஓர் ஏரியா என்று வாய் பிளந்து நின்றேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீரும் கோரையும், நடுவில் முள்மரங்கள், ஏறிப் பார்க்க ஒரு கோபுரம். என் சிங்கப்பூர் நீர்த்தேக்கம் இதற்கு முன்னால் ஒரு தொட்டி. சீசன் இல்லை என்பதால் நீர்க்காகங்களும் சில நாரைகளும் மட்டும் இருந்தன.

"இமயமலையத் தாண்டி இங்க ஒரு வாத்து வருமாம் சித்தி. கார்த்திகைல கூட்டியாந்து காட்டறேன்னு சொன்னாரு" என்றாள். கோபுரத்தில் நின்று வெறும் ஏரியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு இறங்கி, "இங்க விட்டுடலாம்" என்றாள். எனக்கும் அது சரியாகப் பட்டது.

கரையில் காவலாளி ஒருவர் பையைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. இந்த ஜிகினா நூலு பறவ காலுல சுத்திக்கிட்டா அறுக்கவே முடியாது. அதான் எதையும் உள்ள போட விடறதில்ல." அப்புறம் யோசித்துவிட்டுக் கேட்டார். "கல்யாண மாலைதான? இதெல்லாம் கொள்ளிடத்துலதான விடுவாங்க. பெருக்குக்கு இன்னும் ரெண்டு நாள்தான இருக்கு?"

"ஆமாங்கண்ணா" என்றாள் சுகன்யா. பையின் வாயைச் சுருட்டிக் கட்டினாள். அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது, அவர்மேல் தப்பில்லை. ஆனாலும் வேனில் ஏறியதும் நான் அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஆறுதல் சொல்ல வந்தவள் நான்.

பெருக்குக்கு முந்தின நாள், அரியலூருக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போனோம். கல்லெடுத்து முடித்துப் போட்டுவிட்டுப் போன பள்ளம். மழைத்தண்ணீர் நிறைந்து ஏரியாகிவிட்டது. போனில் பார்த்துவிட்டு இப்போது வெளியூரிலிருந்தெல்லாம் போட்டோ எடுக்க வருகிறார்களாம். நான் பார்த்த தண்ணீர்களிலேயே அழகானது எது என்று கேட்டால், சொல்லக் கசக்கிறது, அதுதான். வெள்ளைப் பாறைச் சுவர்களுக்கு நடுவில் பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத நிறம். மயில்கழுத்துப் பட்டுப்புடவையை உதறி விரித்த மாதிரி இருந்தது.

எங்களுக்கு முன்பே வடநாட்டுத் தொழிலாளர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் வீடியோ அழைப்பில் தன் அம்மாவிடம் இந்தியில் பேசிக்கொண்டிருந்தான். என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் நான் பொறுக்கிய இந்திக்கு அது புரிந்தது. "பார் அம்மா, நான் இருக்கிற ஊரில் கடல்கூட இருக்கிறது. இல்லை இல்லை, இறங்க மாட்டேன். சத்தியமாக இறங்க மாட்டேன்." சுகன்யாவுக்கு இந்தி தெரியாது. தெரியாமல் போனதே நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் வரைக்கும் இறங்க ஒரு சரிவு இருந்தது. சுகன்யா இரண்டு மாலைகளையும் வெளியே எடுத்து, சேர்த்து முடிந்தாள். கண்ணை மூடிக்கொண்டு வீசினாள். மாலைகள் அந்த நீலத்தில் விழுந்து மிதந்தன. கும்பிட்டாள். நானும் கண்ணை மூடிக் கும்பிட்டேன். அவ்வளவுதான், முடிந்தது என்று எனக்கு ஒரு மூச்சு வந்தது.

கண்ணைத் திறந்தபோது மாலைகள் விழுந்த இடத்தில் இல்லை. எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தன. எதிர்க்காற்று. அந்தத் தண்ணீர் எங்கும் போகிற தண்ணீர் இல்லை, எங்கும் கொண்டுபோகவும் அதற்குத் தெரியாது. மெதுவாக, கூப்பிட்டால் வருகிற கன்றுக்குட்டி போல வந்து சுகன்யாவின் காலடிக்குச் சற்று முன்னால் நின்றன. அவள் தண்ணீருக்குள் காலை வைத்தாள்.

"ஏய்!" என்று கத்தி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பள்ளத்தில் கரை என்று ஒன்று கிடையாது. ஓரம் முடிந்த இடத்திலேயே ஆழம். நான் நாலு பக்கமும் தேடினேன். எதைத் தேடுகிறேன் என்று அப்புறம்தான் புரிந்தது. ஆரஞ்சு வளையத்தை. அங்கே ஒரு கம்பம்கூட இல்லை. கொள்ளிடக் கரையிலும் ஒன்று இருந்திருக்காது. தினேஷ் இறங்கிய அன்று ஆற்றில் வெள்ளம்கூட இல்லையாம். எல்லாம் மணல், நடுவில் ஒரு பள்ளத்தில் மட்டும் தண்ணீர். கூட்டாளிகளோடு குளிக்கப் போனவன். மணல் அள்ளிய குழியின் ஆழம் யாருக்குத் தெரியும்? கரையில் நின்றவர்களிடம் எறிவதற்குக் கட்டியிருந்த கைலியைத் தவிர ஒன்றும் இல்லை.

பாஸ்கர் ஒரு கருவேலங்கிளையை ஒடித்து வந்து மாலைகளைக் கரைக்கு இழுத்தார். சுகன்யா சொட்டச் சொட்ட எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வேனில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "சித்தி, இங்க பாருங்க" என்றாள். ஈரம் பட்டதில் மரிக்கொழுந்து வாசனை திரும்ப வந்திருந்தது. கல்யாண மண்டப வாசனை. அவள் அந்தக் காய்ந்த குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாஸ்கர் வேனில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டார்.

இனி அதை ஆணியில் மாட்ட முடியாது. நனைந்த பூ இரண்டு நாளில் அழுகிவிடும். சுகன்யா வாசலில் நின்றபடியே மாமியாருக்குப் போன் போட்டாள். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"அத்த, மால நனஞ்சுபோச்சு. எங்கயும் போவ மாட்டேங்குது. நீங்க வேணாம்னு சொன்னீங்க... ஆனா ஓடற தண்ணி அது ஒண்ணுதான் அத்த இருக்கு."

சரோஜா அம்மா சொன்னார். "நீ தனியா எறங்காத. நானும் வரேன்."

பெருக்கு அன்று கூட்டம் குறையட்டும் என்று மத்தியானத்துக்கு மேல்தான் திருமானூருக்குப் போனோம். மேட்டூர் நிரம்பி உபரித் தண்ணீரைக் கொள்ளிடத்தில் திறந்துவிட்டிருந்தார்கள். முன்னொரு நாள் மணலாகக் கிடந்த ஆறு பாதி அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. கரையெல்லாம் வாழையிலை, காதோலை கருகமணி, ஆடியில் மசக்கையாக இருக்கும் ஆற்றுக்கென்று வெல்லமும் தேங்காயும் கலந்த காப்பரிசி. ஒருத்திக்கு ஒருத்தி மஞ்சள்கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். வேறு சமயமாக இருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். நாங்கள் பாலத்தை ஒட்டி, ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ஒதுங்கி நின்றோம். சுகன்யாவைக் கடந்து போன ஒரு அம்மா, தன் மகளின் தோளைப் பிடித்து மெல்ல அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு போனார். சுகன்யா அதைப் பார்க்காதது போல ஆற்றைப் பார்த்தாள்.

சரோஜா அம்மா தனியாக நடந்து வந்தார். மகனைக் கரையில் கிடத்திய நாளுக்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வந்ததில்லை. நேராகத் தண்ணீர் ஓரம் போய் நின்றார்.

"வருசா வருசம் மசக்கக்காரின்னு உனக்குப் பொங்கிப் பொங்கிக் கொண்டாந்து போட்டேனேடி" என்றார் ஆற்றிடம். "என்ன கொற வச்சேன்? உனக்கு எம்புள்ளதான் கேட்டுச்சா?" கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்பது போலக் கேட்டார்.

பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுகன்யாவின் கையைப் பிடித்தார். "எம்மவன் வுட வேண்டியது. நான் வுடறேன் வா." சுகன்யா முடிச்சை அவிழ்த்து ஒரு மாலையை அவரிடம் கொடுத்தாள். "எது அவருதுன்னு தெரியல அத்த."

"ரெண்டும் அவன்துதான். ரெண்டும் உன்துதான். வுடு."

முழங்கால் அளவில் நின்று இருவரும் குனிந்து விட்டார்கள். மாலைகள் ஆளுக்கொரு பக்கமாகச் சுழன்று, சேர்ந்து, கொஞ்ச தூரம் போய் ஒரு நாணல் புதரில் மாட்டிக்கொண்டன. தண்ணீர் அவற்றை இழுத்தது, நாணல் விடவில்லை. சுகன்யா இங்கிருந்தே கையால் தண்ணீரைத் தள்ளினாள். அது எப்படி அங்கே போய்ச் சேரும்?

போலீஸ் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி, இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு புது மாப்பிள்ளை நின்றிருந்தான். தன் மாலைகளை விட்டுவிட்டுக் கரையேறப் போனவன். பட்டுவேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். கரையில் அவன் பெண்டாட்டி போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் மாலைகள் மாட்டியதை அவன் பார்த்தான். "இருங்கம்மா, நான் தள்ளி வுடறேன்" என்று சிரித்துக்கொண்டே நாணலை நோக்கி நடந்தான். தண்ணீர் அவன் மார்புக்கு ஏறியது.

"தம்பி வேணாம்!" என்றார் சரோஜா அம்மா. "வேணாம்பா, கரைக்கு வந்துடு!"

"ஆழமில்லம்மா. எங்க ஊரு ஆறு, எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே அவன் நாணலை விலக்கினான்.

அப்புறம் அந்த அம்மா போட்ட சத்தத்தை என்னால் எழுத முடியாது. வார்த்தைகூட இல்லை அதில். கரையில் மஞ்சள்கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தண்ணீருக்குள் இன்னும் இரண்டடி இறங்கி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "ஏறுடா, ஏறுடா" என்றார். சுகன்யா பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் சுகன்யாவைப் பிடித்தேன். அந்த மாப்பிள்ளை மிரண்டு போய், நாணலை விட்டுவிட்டுத் தண்ணீரை அளைந்துகொண்டு எங்களிடம் வந்தான்.

வந்ததும் சரோஜா அம்மா அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். உடனே அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கரைக்குக் கூட்டி வந்த பிறகும் விடவில்லை. அவன் பெண்டாட்டி ஓடிவந்து, என்ன ஏது என்று புரியாமல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். சுகன்யாவின் வெறும் கழுத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். போனை இறக்கிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் சுகன்யா அவளிடம். "ஈரத்தோட நிக்கறாரு, தொவட்டி வுடு."

அதன் பிறகுதான் எங்களுக்கு மாலைகளின் நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தோம். நாணல் ஆடிக்கொண்டிருந்தது. அதில் ஒன்றும் இல்லை. கீழே தூரத்தில் வெயில் பட்டு ஓடுகிற தண்ணீர் மட்டும் தெரிந்தது. இத்தனை நாள் அலைந்து, அவை போகும்போது எங்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

"போயிடுச்சா?" என்று கேட்டார் சரோஜா அம்மா. அவர் ஆற்றைப் பார்க்கவில்லை, அந்த மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிடுச்சு அத்த" என்றாள் சுகன்யா.

அதற்கப்புறம்தான் அவன் கையை விட்டார்.